கடையில் ஏழே பேர், சூப்பர்வைசர் முதலாளியின் மச்சான்: புகாரை எங்கே கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். என் தங்கை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறாள். கடையில் ஏழு பேர்தான். சூப்பர்வைசர் முதலாளிக்கு மச்சான் முறை. மாடிக்குச் சரக்கு எடுக்கப் போனால் பின்னாலேயே வந்து உரசுகிறார், ராத்திரியில் வாட்ஸ்அப்பில் அசிங்கமாக அனுப்புகிறார். ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னதற்கு, "அவன் விளையாட்டுக்குச் செய்வான், பெருசா எடுத்துக்காத" என்று சொல்லிவிட்டாராம். அப்பாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்லிவிடுவார். கமிட்டி, விசாரணை எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? நாங்கள் யாரிடம் போவது?

பதில்: சின்னக் கடைக்கும் கமிட்டி உண்டு. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதன் தலைவர் ஒரு பெண். சமூக நலத்துறை அலுவலர் ஒருவரும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் உறுப்பினர்கள். முதலாளி மீதே புகார் என்றாலும் இந்தக் குழுதான் விசாரிக்கும். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றிக் கொடுக்கிற பெண்ணுக்கும், வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கும் இதே வழி உண்டு. காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர், தினக்கூலி, சம்பளம் இல்லாமல் தொழில் பழகுகிறவர் எல்லோருமே சட்டப்படி பணியாளர்கள்.

ஒரு குழப்பம் உங்களுக்கு வரலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து ஆலங்குளம் அங்கே சேர்ந்துவிட்டது. ஆனால் குழுவின் எல்லைக்கு வேலை பார்க்கும் இடம்தான் கணக்கு. கடை ஜங்ஷனில் இருப்பதால் நீங்கள் போக வேண்டியது கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். மனுவை "தலைவர், உள்ளூர் புகார் குழு, திருநெல்வேலி மாவட்டம்" என்று எழுதி, மாவட்ட சமூக நல அலுவலரிடம் ஒட்டிய உறையில் கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் நீட்ட வேண்டாம். அங்கே வரிசையில் நிற்கும்போதே நாலு பேர் மனுவைப் படித்துவிடுவார்கள். புகார் சொன்ன பெண்ணின் பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் வெளியே விடக்கூடாது என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நம் அவசரத்தால் நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

'ஏழு பேர்' என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். குடோனில் இருப்பவர், கூட்டிப் பெருக்க வரும் அக்கா, வேன் ஓட்டுபவர், தினக்கூலிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ண வேண்டும். பத்தைத் தொட்டால் கடைக்குள்ளேயே உள்ளகக் குழு அமைக்க முதலாளி கடமைப்பட்டவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் அதே தவறு என்றால் இரட்டிப்பு. கடையில் குழுவே இல்லை என்றால் அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது அவசரமான விஷயம், காலக்கெடு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தங்கை வேலையை விட்டுவிட்டாலும் புகார் கொடுக்கும் உரிமை போகாது. அவளால் எழுத முடியாவிட்டால் எழுதிக்கொடுத்து உதவுவது குழுவின் கடமை. நீங்களே அவளுக்காகக் கொடுப்பதென்றால் அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அக்கா அண்ணன்மார் ஆத்திரத்தில் முந்திக்கொண்டு, அந்தப் பெண் விசாரணையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நிலை வந்துவிடக் கூடாது. முதலில் அவளிடம் கேளுங்கள், அவள் வேகத்துக்குப் போங்கள்.

மனு எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பல புகார்கள் அங்கேதான் பலமிழக்கின்றன. "அவர் என்னிடம் பல நாட்களாகத் தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் எதிராளி "இல்லை" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "12ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். மாடியில் பட்டுச்சேலைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். 'கையை எடுங்க' என்று சத்தமாகச் சொன்னேன். 'லீவு வேணும்னா மட்டும் வருவே' என்று சொல்லிச் சிரித்தார். கீழே வந்ததும் பில் போடும் அக்கா, 'ஏட்டி, ஏன் முகம் இப்படி இருக்கு?' என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்." இதில் நாள், இடம், அவர் செய்தது, அவள் மறுத்தது, உடனே யாரிடம் சொன்னாள் என்பது எல்லாம் இருக்கின்றன. பில் போடும் அக்கா சம்பவத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே கேட்டவர் என்ற முறையில் அவர் சாட்சி. அசிங்கமான வார்த்தை என்றால் சூப்பர்வைசர் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். தேதி சரியாக நினைவில்லை என்றால் "ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம்" என்பது போல் எழுதினாலும் சரி, ஊகித்து ஒரு தேதியைப் போட்டுவிட வேண்டாம்.

மேலே காட்டிய லீவு வசனம் போல சூப்பர்வைசர் ஏதாவது சொல்லியிருந்தால் அதைத் தவறாமல் எழுதச் சொல்கிறேன். ஜவுளிக்கடை வேலையில் சூப்பர்வைசரின் பலமே இந்தச் சின்னச் சின்ன சலுகைகளில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் லீவு, அட்வான்ஸ், சீக்கிரம் கிளம்ப அனுமதி, கொஞ்ச நேரம் உட்கார விடுவது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது, உட்காருவது யாரும் தரும் சலுகை அல்ல. சலுகை காட்டுவதாக ஆசை காட்டினாலும், வேலையில் கெடுதல் செய்வதாக மிரட்டினாலும், அது பாலியல் துன்புறுத்தலோடு சேர்ந்து வரும்போது 2013 சட்டம் அதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. தொடுவது மட்டும் குற்றம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விருப்பமில்லாத சைகை எல்லாமே இதில் அடங்கும். கடை வேனில் வீட்டுக்கு வரும் வழியில் நடந்தாலும் அது பணியிடம்தான்.

வாட்ஸ்அப்பை எதுவும் செய்யாதீர்கள். கோபத்தில் பிளாக் செய்து சாட்டை அழித்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பிவையுங்கள், அதோடு அசல் மெசேஜ் அந்தப் போனிலேயே இருக்கட்டும், போனையும் மாற்ற வேண்டாம். கடையில் கேமரா இருந்தால் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். எந்தத் தேதி, எந்த நேரப் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் குழுவுக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது.

இன்னொன்றை மனு கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். சின்னக் கடைகளில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது. புகார் போன மறுநாள் "இந்தப் பொண்ணு இங்க வேலையே பாக்கல" என்று சொல்ல இடமிருக்கிறது. சம்பளக் கவர், ஜிபே வரவு, இஎஸ்ஐ அட்டை, கடைப் பெயர் போட்ட சேலையோடு எடுத்த போட்டோ, கடையின் வாட்ஸ்அப் குரூப் எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

மனுவும் இணைப்புகளும் ஆறு பிரதி வேண்டும், சாட்சிகளின் பெயரும் முகவரியும் தர வேண்டும். கொடுத்ததற்கு உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் எதிராளிக்கு நகல் போகும், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் வந்து வாதாட முடியாது. சாட்சி இல்லாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது, வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரித்து நிலைநாட்டினால்தான் உண்டு.

மனு போனது தெரிந்ததும் சங்கத்துப் பெரியவர்களோ சொந்தக்காரர்களோ "பேசி முடிச்சுக்கலாம்" என்று வீட்டுக்கு வருவார்கள். நம் பக்கத்தில் அது நடக்காமல் இருக்காது. சட்டத்தில் சமரசத்துக்கு இடம் உண்டு, ஆனால் அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான், அதுவும் குழு மூலமாக. பணம் கொடுத்து முடிப்பது கூடவே கூடாது. உங்கள் அப்பாவுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அதனால் நீங்களும் தங்கையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வேலையை விட வேண்டியவள் அவள் இல்லை என்பதை அவர் வெளியாள் வாயால் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்கட்டும்.

போலீஸுக்குப் போவதா என்பது தனி முடிவு. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கானது. வேண்டாத தொடுதலுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. மூன்று மாதக் கெடு அங்கே கிடையாது. பாளையங்கோட்டை அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, அவசரம் என்றால் 181 அல்லது 112. தனியாகப் போகத் தயங்கினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

அந்த அண்ணாச்சிக்கும், அவரைப் போன்ற மற்ற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் உங்களுக்குப் பொறுப்பு குறைந்துவிடாது. பாதுகாப்பான வேலையிடம் தருவதும், புகார் கொடுக்க விரும்பும் பெண்ணுக்குப் போலீஸில் புகார் எழுத உதவுவதும் சட்டம் முதலாளி மேல் வைத்த கடமைகள். மாடிப்படிக்கும் குடோனுக்கும் வெளிச்சம் போடுங்கள். சரக்கு எடுக்க ஒற்றைப் பெண்ணை அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்புங்கள். சம்பளத்தைக் கல்லாவில் எல்லோர் முன்னாலும் கொடுங்கள். லீவு முடிவை மச்சானிடம் விடாமல் நீங்களே எழுதிவையுங்கள். சீசனில் இரவு பத்து மணிக்குக் கடை மூடினால் வேனில் கடைசியாக இறங்குகிறவள் தனியாக இருக்காதபடி பாருங்கள். புகார் வந்தால் பெண்ணை வேறு செக்‌ஷனுக்குத் தள்ளிவிட்டுத் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை நாளைக்கும் அதே மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால் மனுவின் கடைசியில் இடைக்கால நிவாரணம் என்று தனித் தலைப்பிட்டுக் கேளுங்கள்: விசாரணை முடியும்வரை அவரையோ தன்னையோ இடம் மாற்ற வேண்டும், அல்லது மூன்று மாதம் வரை விடுப்பு தர வேண்டும் என்று. அந்த விடுப்பு அவளுக்கு ஏற்கெனவே உள்ள விடுப்போடு சேராது, கூடுதல். எழுதிக் கேட்டால்தான் குழு பரிந்துரைக்க முடியும்.