அமெரிக்க பேஸ்பாலில் பரம எதிரிகளான நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் இரண்டு அணிகளுக்கும் ஆடிய வீரர்களில் உங்கள் மனதில் முதலில் நிற்பவர் யார்?

மைக் டோரெஸ்.

பேஸ்பாலின் மிகப் புகழ்பெற்ற வீரரான பேப் ரூத் என்ற பெயரை எதிர்பார்த்திருப்பீர்கள். அவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் ஓராண்டு இடைவெளியில் நியூயார்க்கின் கொண்டாட்டத்திலும் பாஸ்டனின் துக்கத்திலும் கையில் பந்தோடு நின்றவர் டோரெஸ்தான். அவரை வெறும் தோல்வியின் முகமாக மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

ஆண்டின் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1977-இல், யாங்கீஸின் பிட்சர் (பந்து எறிபவர்) அவர். டாட்ஜர்ஸ் அணிக்கு எதிரான மூன்றாவது, ஆறாவது ஆட்டங்கள் இரண்டிலும் தொடக்கம் முதல் முடிவு வரை அவரே பந்து எறிந்து வென்றார். அந்த ஆறாவது ஆட்டத்தில்தான் சக வீரர் ரெஜி ஜாக்சன் மூன்று ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து முழுச் சுற்றும் ஓடி எடுக்கும் ரன்) அடித்தார். அதனால் எல்லோரும் ஜாக்சனையே பேசுகிறார்கள். கடைசி பேட்டரின் பந்து மேலெழும்பி வந்து விழுந்ததும் டோரெஸின் கையுறையில்தான். பட்டம் உறுதியானதும் அந்தக் கணத்தில்தான். சில வாரங்களில் ஒப்பந்தம் முடிந்து, அவர் ரெட் சாக்ஸுக்குப் போனார்.

1978 ஜூலையில் ரெட் சாக்ஸ் யாங்கீஸை விட 14 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அந்த முன்னிலை கரைந்து, பருவத்தின் முடிவில் இரு அணிகளும் 99 வெற்றிகளுடன் சமநிலையில் நின்றன. அக்டோபர் 2 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் ஒரே ஓர் ஆட்டம். தோற்பவர் வீட்டுக்குப் போக வேண்டும். பாஸ்டனுக்காகப் பந்து எறிய வந்தவர் டோரெஸ். எதிரே, இரு அணிகளும் ஆடும் அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு யாராலும் தொட முடியாத யாங்கீஸ் பிட்சர் ரான் கிட்ரி.

ஆறு இன்னிங்ஸ் வரை டோரெஸ் தன் பழைய அணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஸ்கோர் 2-0. ஏழாவது இன்னிங்ஸில் இருவர் பேஸில் (ஓட்டப்பாதையின் நிலைகளில்) இருக்க, இருவர் அவுட்டாகிவிட்ட நிலையில் வந்தவர் பக்கி டென்ட். பேட்டிங் வரிசையில் ஒன்பதாவது ஆள். ஒரு பந்து அவருடைய மட்டையில் பட்டுக் காலைத் தாக்கியது, வலியில் நொண்டினார். ஆட்டம் நின்ற அந்த இடைவெளியில் சக வீரர் மிக்கி ரிவர்ஸ் கொடுத்துவிட்ட வேறொரு மட்டையோடு திரும்ப வந்து அடித்தார். பந்து இடதுபுறம் 37 அடி உயரத்தில் நிற்கும் கிரீன் மான்ஸ்டர் என்ற சுவரைத் தாண்டியது. அந்தப் பருவம் முழுவதும் டென்ட் அடித்த ஹோம் ரன்கள் ஐந்தே ஐந்து. இது அவற்றில் ஒன்று. யாங்கீஸ் 5-4 என்று வென்றது, பிறகு உலகத் தொடரையும் வென்றது.

நான் கனெக்டிகட்டில் வேலை பார்த்தவன். பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் கிடக்கும் மாநிலம் அது. அலுவலகத்தில் பாதிப் பேர் ஒரு தொப்பி, பாதிப் பேர் மறு தொப்பி. எனக்கு ரெட் சாக்ஸ் மீதுதான் பற்று. என்னைப் போன்ற ரெட் சாக்ஸ் ரசிகர்களில் வயதானவர்கள் டோரெஸ் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அந்த ஆண்டு அவர் 16 ஆட்டங்களை வென்று தராமல் இருந்திருந்தால் அக்டோபர் 2 என்ற நாளே வந்திருக்காது என்று அவர்களிடம் வாதாடியிருக்கிறேன். 14 ஆட்ட முன்னிலையைத் தொலைத்தது ஒரு முழு அணி. பழியை மட்டும் ஒருவர் தலையில் கட்டிவிட்டார்கள், அவர் எதிரணியிலிருந்து வந்தவர் என்பதால் அது இன்னும் எளிதாயிற்று.

டோரெஸ் தானாக அணி மாற முடிந்ததற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற ஒப்பந்தத் தகராறு நடுவர், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பிட்சர்கள் தொடர்ந்த வழக்கில் அதை உடைத்தார். அதற்கு முன் இரண்டு அணிக்கும் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் விற்கப்பட்டவர்கள் அல்லது மாற்றிக்கொள்ளப்பட்டவர்கள். அவர்களைத் துரோகி என்று திட்டுவதில் நியாயமே இல்லை.

பேப் ரூத்தும் அப்படித்தான். ரெட் சாக்ஸ் 1915, 1916, 1918 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றபோது அவர் அங்கே இருந்தார். 1919-இல் 29 ஹோம் ரன் அடித்தவரை உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். கூடவே யாங்கீஸ் உரிமையாளரிடமிருந்து ஃபென்வே பார்க்கை அடமானம் வைத்துப் பெருங்கடனும் வாங்கினார். அடுத்த ஆண்டே ரூத் அடித்தது 54. பாஸ்டன் அடுத்த பட்டத்துக்கு 2004 வரை காத்திருந்தது. இதைச் சாபம் என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஃப்ரேஸி ரூத்தோடு நிற்கவில்லை. யாங்கீஸ் 1923-இல் முதன்முதலாக உலகத் தொடரை வென்றபோது அந்த அணியின் பெனாக், ஹாய்ட், புஷ், ஜோன்ஸ், மேஸ் என்ற ஐந்து பிட்சர்களும் பாஸ்டனிலிருந்து வந்தவர்கள். ஓர் அணியின் பந்துவீச்சையே இப்படி எதிரிக்குக் கைமாற்றிவிட்டால் தோல்வி வர மாந்திரீகம் எதற்கு?

ரெட் ரஃபிங்கின் கணக்கையும் பாருங்கள். சுரங்க விபத்தில் இடது காலின் நான்கு விரல்களை இழந்த பிட்சர். பாஸ்டனுக்காக 39 வெற்றி, 96 தோல்வி. 1930-இல் யாங்கீஸுக்கு மாற்றப்பட்ட பிறகு 231 வெற்றி, 124 தோல்வி. முன்னால் ரன் அடித்துக் கொடுக்க ஆள் இருந்தால் ஒரு பிட்சரின் வாழ்க்கை எப்படி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எதிர்த்திசையில் போனவர்களில் எல்ஸ்டன் ஹோவர்டை மதிக்கிறேன். யாங்கீஸின் முதல் கறுப்பின வீரர் அவர். 1967 ஏப்ரலில் யாங்கீ ஸ்டேடியத்தில், முதல் ஆட்டம் ஆடிய பாஸ்டன் இளம் பிட்சர் பில்லி ரோர் ஒரு ஹிட்கூட (பேட்டரைப் பேஸுக்குக் கொண்டு சேர்க்கும் அடி) கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவரை அவுட்டாக்கிவிட்டார். இன்னும் ஒரே ஆள். வந்த ஹோவர்ட் ஒரு ஹிட் அடித்து அந்தச் சாதனையைக் கலைத்தார். சொந்த மைதானத்திலேயே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் ரெட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டார். 38 வயதில், இளம் பிட்சர்களை வழிநடத்தும் கேட்சராக, பாஸ்டன் அந்த ஆண்டு உலகத் தொடர் வரை போக உதவினார்.

ஜானி டேமனிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. 2004-இல் அமெரிக்கன் லீகின் இறுதித் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கிய ரெட் சாக்ஸ் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ஏழாவது ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடித்து நான்கு ரன் தரும் ஹோம் ரன்) உட்பட இரண்டு ஹோம் ரன் அடித்தவர் டேமன். யாங்கீஸுக்குப் போகவே மாட்டேன் என்ற பொருளில் பேசியவர், 2005 டிசம்பரில் நான்காண்டுக்கு 5.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அங்கேயே போனார். நீண்ட முடியும் தாடியும் போயின. பாஸ்டன் தர முன்வந்தது 4 கோடி. 1.2 கோடி டாலரை யார் விடுவார்கள் என்பது எனக்கும் தெரியும்; அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். 2009 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், எதிரணி தடுப்பாளர்கள் இடம் மாறி மூன்றாவது பேஸைக் காவலின்றி விட்டதைக் கவனித்து, ஒரே ஓட்டத்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் திருடினார், அதாவது பந்தை யாரும் அடிக்காமலேயே ஓடிப் பிடித்தார். அவரைப் போல ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

வேட் பாக்ஸ் மீது கோபம் வரவில்லை. பாஸ்டனில் ஐந்து முறை அமெரிக்கன் லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர். 1986 உலகத் தொடரைத் தோற்றபின் உட்கார்ந்து அழுதவர். பிறகு யாங்கீஸுக்கு மாறி, 1996-இல் அந்த அணி பட்டம் வென்ற இரவு போலீஸ் குதிரை மேல் ஏறி மைதானத்தைச் சுற்றி வந்தார். அந்தப் படம் பாஸ்டன்காரர்களுக்கு வெகுநாள் உறுத்தியது. 2016-இல் ரெட் சாக்ஸ் அவருடைய 26-ஆம் எண்ணை ஃபென்வேயில் ஏற்றி, இனி யாரும் அதை அணியக் கூடாது என்று ஒதுக்கிவைத்தது.