‘அப்பிச்சி’யைத் ‘தாத்தா’ ஆக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் முருகன் கோயில் கும்பாபிஷேக மலருக்கு வந்த கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பதுங்க?
- வாசகி, அந்தியூர்

பதில்: எழுத்துப்பிழையில் ஆரம்பிக்காதீர்கள். ர, ற எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்திய பத்தியையே அப்புறம் வேண்டாம் என்று எடுக்க வேண்டி வரும். முதலில் எதையும் திருத்தாமல் முழுக்க ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், எந்த இடத்தில் நின்று திரும்பப் படிக்கிறீர்களோ அங்கே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கோடுகளில் நிறைய பெயரெச்சத்தால், அதாவது ‘கொடுத்த’, ‘வந்த’ போலப் பெயருக்கு முன்னால் நிற்கும் முடியாத வினையால் வருபவை. ‘கிணற்றுக்கு இடம் கொடுத்த மணியக்காரரின் மகன் பள்ளிக்கூடம் கட்டினார்’ என்று ஒரு வாக்கியம். இடம் கொடுத்தது அப்பாவா, மகனா? அப்பா என்றால் ‘மணியக்காரர் கிணற்றுக்கு இடம் கொடுத்தார். அவர் மகன் பள்ளிக்கூடம் கட்டினார்’ என்று இரண்டாக உடையுங்கள். மகன் என்றால் ‘மணியக்காரரின் மகன் கிணற்றுக்கு இடம் கொடுத்தார், பள்ளிக்கூடமும் கட்டினார்.’ எது சரி என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது, எழுதியவருக்குப் போன் போடுங்கள். நான் மெய்ப்புப் பார்க்க வந்த புதிதில் இப்படி ஒன்றை நானே ஊகித்து மாற்றிவிட்டேன். மலர் அச்சாகி வந்த பிறகு, நிலம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டி, “எங்கப்பாரு பேரு எங்கைங்க?” என்று கேட்டார். இருபது வருடமாகியும் அந்தக் குரல் மறக்கவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு எழுத்துக்கு வாருங்கள். ‘சுவற்றில்’ கட்டாயம் இருக்கும், அது ‘சுவரில்’. கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிந்தால்தான் கிணற்றில், வயிற்றில். ‘ஒவ்வொரு ஊர்களிலும்’ என்பது ‘ஒவ்வோர் ஊரிலும்’.

கேள்வி: இரண்டு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் என்று ஒற்று போட்டாலும் போடாவிட்டாலும் புரியத்தானே செய்கிறது?
- வாசகர், தாராபுரம்

பதில்: எப்போதும் இல்லைங்க. ‘வேலை செய்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைச் செய்தான்’ என்றால் வேல் ஒன்றைச் செய்தான். முருகன் கோயில் மலரில் இது மாறினால் என்ன ஆகும்! எல்லா விதியும் ஒரே நாளில் வராது, இரண்டை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்தால் க, ச, த, ப முன்னே ஒற்று மிகும் (மாட்டைப் பிடி, சந்தைக்குப் போ). அந்த, இந்த, எந்த பின்னாலும் அப்படியே. ‘பல குடும்பங்கள்’, ‘வந்த பையன்’ இவற்றில் மிகாது, போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒருவர் ‘ஒறம்பரை’ (விருந்தாக வரும் உறவினர்), ‘நோம்பி’ (பண்டிகை), ‘அப்பிச்சி’ என்றே கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறார். பொதுத்தமிழுக்கு மாற்றட்டுமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: வேண்டாம். அப்பிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர். இரண்டையும் ‘தாத்தா’ ஆக்கினால், எழுதியவர் துல்லியமாகச் சொன்னதை நீங்கள் மங்கலாக்கிவிடுவீர்கள். வெளியூர்க்காரர்களும் மலரைப் படிப்பார்கள் என்றால் முதல் தடவை வரும் இடத்தில் மட்டும், ‘அம்மாவின் அப்பாவான அப்பிச்சி’ என்று சொல்லிவிடுங்கள், போதும். ஒரே கட்டுரையில் ‘ஒறம்பரை’, ‘ஒரம்பரை’ என்று இரண்டு விதமாக வந்தால் எழுதியவரிடம் கேட்டு ஒன்றை முடிவு செய்து, தனித்தாளில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கம் வரை அந்தத் தாளைப் பார்த்தே திருத்துங்கள்.