நாலு வயதுக் குழந்தைக்கு இதய ஆபரேஷன்: அதற்குப் பிந்தைய மருத்துவமனை நாட்களுக்கு எப்படித் தயாராவது?

என் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயதில்தான் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். நெஞ்செலும்பைத் திறந்து செய்கிற ஆபரேஷன். வயிறு, சிறுநீரகம் போன்ற வேறு ஆபரேஷன் என்றால் நான் சொல்வதில் சில விஷயங்கள் மாறும். மருத்துவ முடிவுகளை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஐசியூவுக்குள் நீங்கள் முதல்முறை போகும்போது குழந்தையின் முகம் வீங்கியிருக்கும். ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரம் வழியாக ஓடுவதால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். நாள் போகப் போக வடிந்துவிடும். வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்திலும் மணிக்கட்டிலும் லைன்கள் (ரத்தக் குழாய்க்குள் போகிற மெல்லிய குழாய்கள்), நெஞ்சுக்குக் கீழே ரத்தமும் நீரும் வடிய ஒரு டிரெய்ன் குழாய், சிறுநீருக்கு இன்னொன்று. எது எதற்கு என்று சிஸ்டரிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதி குறையும். மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். விரலில் ஒட்டிய சென்சார் நழுவினாலே அது கத்தும். சிஸ்டர் பதறாமல் வந்து சரிசெய்தால், நீங்களும் பதற வேண்டியதில்லை.

எங்களை ரொம்பப் படுத்தியது தாகம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். இதய ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே போகிற நீரையும் வெளியே வருவதையும் அளந்து எழுதுவார்கள். டிரிப்ஸில் ஏறுவதும் அந்தக் கணக்கில் சேரும், அதனால் குடிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். வென்டிலேட்டர் குழாயை எடுத்தபின் தொண்டை கட்டிய குரலில் அவள் கேட்டது தண்ணீர்தான், திரும்பத் திரும்பத் தண்ணீர். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு சிஸ்டர், அனுமதித்த அளவை ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். அவளே அழுத்தி, அவளே குடித்தாள். சொட்டுச் சொட்டாக, அவ்வளவு கவனமாக. அளவு அதேதான், ஆனால் அழுகை அடங்கியது. தன் உடம்பில் எதுவுமே தன் கையில் இல்லாத ஒரு குழந்தைக்கு அது பெரிய அதிகாரம்.

அதே வழியை மற்றதற்கும் பிடித்துக்கொண்டோம். "மருந்து குடிக்கிறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்றுதான் பதில் வரும், அதை உங்களால் ஏற்கவும் முடியாது. "சிரிஞ்சிலயா, கப்பிலயா?" என்று கேளுங்கள்.

வலி விஷயத்தில் "வலிக்காதுடா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை பொய்யானால், அடுத்து நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்பது போதும். இன்னொன்று: இந்த வயதில் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல், அசையாமல் கிடக்கிற பிள்ளைகளும் உண்டு. அமைதியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். முகம் சுருங்குகிறதா, கால் விறைப்பாக இருக்கிறதா, தூக்கினால் சமாதானம் ஆகிறதா என்று பாருங்கள். சிஸ்டர்களும் அதைத்தான் பார்ப்பார்கள், ஆனால் உங்கள் பிள்ளையின் வழக்கமான முகம் உங்களுக்குத்தான் தெரியும். டிரெய்ன் குழாயை எடுப்பது வலிக்கும். வலி மருந்தை எவ்வளவு நேரம் முன்னால் தருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.

நுரையீரல் நன்றாக விரிய ஆழமாக மூச்சுவிட வைப்பார்கள். சோப்புக் குமிழி ஊதுவது, காகிதக் காற்றாடி ஊதுவது எல்லாம் விளையாட்டு மாதிரி இருந்தாலும் சிகிச்சைதான். இருமும்போது ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வார்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். அங்கேதான் கோபம் வெளியே வரும். என் மகள் அப்பாவிடம் பேசினாள், என் பக்கம் திரும்பவே இல்லை; ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தூக்கிப்போனது நான்தானே! படுக்கையை நனைப்பது, விரல் சப்புவது என்று விட்ட பழக்கங்கள் திரும்பலாம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் இரவு பகல் மாறிப்போய், இல்லாததைப் பார்ப்பதுபோல் பயந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மருந்துகளால் மலச்சிக்கல் வருவதும் சகஜம். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வீட்டுக்குப் போனபின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை பின்புறத்துக்குக் கீழே, ஒரு கை முதுகில். நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வீட்டில் தூக்க வாய்ப்புள்ள எல்லாருக்கும் செய்து காட்டிவிடுங்கள், தாத்தா பாட்டிக்கு முதலில். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், மூச்சு வாங்குவது, சாப்பிட மறுப்பது, முகமோ காலோ வீங்குவது, இதில் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று தனியாக எழுதி வாங்குங்கள். பகல் நம்பர் கேட்காமலே தருவார்கள்.