வசிய மருந்தைக் கொட்டிவிடுங்கள்

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை மாந்திரிகம் கலந்து தமிழில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பென்னட் வீட்டுச் சகோதரிகள் ஐவரும் சூனியக்காரிகள். முதல் தடவை பெண் கேட்ட டார்சியை மறுத்துவிட்ட இரண்டாமவள் எலிசபெத், பிறகு மனம் மாறி, வசிய மருந்து கொடுத்து அவனைத் திரும்ப வரவழைக்கிறாள். கதைச் சுருக்கத்தைப் படித்த என் பேராசிரியர், “இருநூறு ஆண்டுகள் கடந்து நிற்கும் நாவலில் சூனியத்தைப் புகுத்துவது இலக்கியத் துரோகம்” என்கிறார். உங்கள் கருத்து என்ன?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: சூனியம் இருக்கட்டும். அந்த வசிய மருந்தை மட்டும் கொட்டிவிடுங்கள். உங்கள் பேராசிரியர் கோபித்துக்கொள்ள வேண்டியது அந்த மருந்தைப் பார்த்துத்தான். அவரோ சூனியக்காரிகள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

முதலில் அவருக்கு. பாழடைந்த மடாலயம், பூட்டிய பெட்டி, நள்ளிரவு ஓசை என்று அந்தக் காலத்தில் வந்து குவிந்த திகில் நாவல்கள் ஆஸ்டினுக்கு நன்றாகவே தெரியும். அந்த மோகத்தை வைத்தே ‘நார்த்தாங்கர் அபே’யை எழுதினார். 1803இல் ஒரு பதிப்பாளர் அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமலே போட்டுவைத்தார். 1817 ஜூலையில் ஆஸ்டின் இறந்த பிறகுதான் அது வெளிவந்தது. கேத்தரின் மோர்லேண்ட் என்ற இளம்பெண், தான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டின் தலைவர் தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று கற்பனை செய்து மிரள்கிறாள். கொலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதே மனிதர் அவளை வெளியேற்றுகிறார். துணைக்கு ஆள் இல்லாமல், எழுபது மைல் தனியாக வண்டியில் போக வேண்டியிருக்கிறது. பேய்கள் உலவாத அந்த வீட்டில் பணம் செய்த வேலை அது. அமானுஷ்ய பயத்தையும் பணத்தின் கொடுமையையும் ஆஸ்டினே ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார். உங்கள் யோசனையில் துரோகம் எங்கே வந்தது?

இனி உங்களுக்கு. 1813 ஜனவரியில் வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை நடத்திச் செல்வது, பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் வீடும் நிலமும் ஆண் வாரிசுக்கே போகும் என்ற ஏற்பாடு. ஆண்டுக்கு இரண்டாயிரம் பவுண்டு வருமானமுள்ள சொத்து, தந்தை கண்ணை மூடினால் காலின்ஸ் என்ற உறவினருக்குப் போய்விடும். எலிசபெத்துக்கு மிஞ்சுவது, தாயின் காலத்துக்குப் பிறகு கைக்கு வரும் ஆயிரம் பவுண்டு. இது தெரிந்தும் அவள் காலின்ஸை மறுக்கிறாள். ஆண்டுக்குப் பத்தாயிரம் வருமானமுள்ள டார்சியையும் மறுக்கிறாள். அவள் தோழி சார்லட் லூகஸுக்கு இருபத்தேழு வயது. உலகம் இப்படித்தான் என்று தெரிந்தே அதே காலின்ஸை மணக்கிறாள். இரண்டு பெண்கள் மேலும் எனக்கு மரியாதை உண்டு. சார்லட்டை அசடாகக் காட்டும் மறு ஆக்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் சுருக்கத்திலும் அந்தச் சாயல் இருக்கிறது, கவனியுங்கள்.

இந்த வீட்டுக்குள் அளவில்லாத மந்திரத்தை விட்டால் என்ன ஆகும்? சொத்துப் பத்திரத்தின் எழுத்தை மாற்ற முடிந்தால் காலின்ஸ் வர வேண்டியதே இல்லை. பிறர் மனத்தைப் படிக்க முடிந்தால், டார்சியைப் பற்றி விக்கம் என்ற ராணுவ அதிகாரி சொன்ன பொய் ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்காது. அந்தப் பொய்யை உடைத்து டார்சி எழுதிய நீண்ட கடிதமும் தேவைப்படாது. எலிசபெத் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இத்தனை நாள் தன்னையே தான் அறியவில்லை என்று வெட்கப்படும் இடம்தான் நாவலின் நடுமையம். மந்திரம் அதை ஒரு நொடியில் அழித்துவிடும்.

மருந்து விஷயம் இதைவிட மோசம். காலின்ஸ் வசிக்கும் ஹன்ஸ்ஃபர்டில் டார்சி முதன்முறை பெண் கேட்கும்போது, அவள் குடும்பத்தின் தாழ்வையும் கூடவே எடுத்துச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். பிறகு கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போனபோது, டார்சி லண்டனில் அவர்களைத் தேடிப் பிடிக்கிறான். விக்கமின் ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனை அடைக்கிறான்; லிடியா பேரில் இன்னோர் ஆயிரம் எழுதிவைக்கிறான்; ராணுவப் பதவியும் வாங்கிக் கொடுக்கிறான். உலகத்திலேயே தான் அதிகம் வெறுக்கும் மனிதனோடு உட்கார்ந்து பேரம் பேசிவிட்டு, எலிசபெத்துக்கு இது தெரியக் கூடாது என்றும் நினைக்கிறான். அவன் மாறியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மருந்து குடித்த ஒருவன் இதையெல்லாம் செய்தால் அதில் அவனுடையது என்று எது மிஞ்சும்? ஒரு மனிதனின் சம்மதத்தை மருந்தால் வாங்குவதை, வாங்குபவள் பெண் என்பதற்காகவே, காதல் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

அப்படியானால் மந்திரத்துக்கு என்ன வேலை? உங்களுக்கு வேண்டியதை அந்தக் காலத்து இங்கிலாந்தே தயாராக வைத்திருக்கிறது. 1735ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சூனியம் என்ற குற்றத்தையே ஒழித்தது. அப்படி ஒன்று இல்லை என்பதே சட்டத்தின் நிலை. மந்திரம் தெரிந்ததாகப் பாசாங்கு செய்பவருக்குத்தான் தண்டனை: ஓராண்டுச் சிறை, கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தைவெளியில் கழுத்தையும் கைகளையும் கட்டைச் சட்டத்தில் மாட்டிப் பலர் பார்க்க நிறுத்துவார்கள். மூன்றாம் ஜார்ஜின் மனநிலை குன்றி, மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்திலும் இதுவே சட்டம். கட்டைச் சட்டத்தில் மாட்டும் தண்டனை 1816இல் பெரும்பாலும் ஒழிந்தது; சட்டம் 1951 வரை நீடித்தது.

இதில் உங்கள் பென்னட் வீட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்திப் பாருங்கள். அவளுக்கு வித்தை மெய்யாகவே தெரியும். குற்றச்சாட்டோ மோசடி. பொய்தான் என்று ஒப்புக்கொண்டால் சிறை, குடும்பத்துக்குத் தலைகுனிவு, மற்ற நால்வருக்கும் வரன் வராது. மெய் என்று செய்து காட்டினால் சட்டம் விட்டுவிடலாம், ஊர் விடாது. 1808இல், பென்னட் குடும்பம் வசிக்கும் ஹெர்ட்ஃபர்ட்ஷயருக்கு வடக்கே அதிகத் தொலைவில்லாத கிரேட் பாக்ஸ்டன் என்ற கிராமத்தில், ஆன் இஸார்ட் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஊரார் வீடு புகுந்து இழுத்து வந்தார்கள். சூனியக்காரியின் இரத்தத்தைச் சிந்த வைத்தால் அவள் சக்தி போய்விடும் என்று நம்பி, உடம்பைக் கீறினார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் இந்த மூடநம்பிக்கையைக் கண்டித்துச் செய்த பிரசங்கம் அச்சாகியும் வந்தது. ஆஸ்டினுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட சூனியம் கிராமத்து மனங்களில் அப்படியே இருந்தது.

மறுபக்கம் மேரி பேட்மேன். லீட்ஸ் நகரத்துக்காரி, தீவினை நீக்குவதாகச் சொல்லி ஒரு தம்பதியிடம் பணமும் பண்டமுமாகப் பறித்து, கடைசியில் அந்த மனைவியை விஷம் வைத்துக் கொன்றாள். 1809இல் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். இவள் கதையைக் கேட்டிருக்கும் ஒரு நீதிபதி உங்கள் பெண்ணை எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

நீதிபதி வேலைக்கு ஆள் மூலத்திலேயே இருக்கிறார். டார்சியின் தாயோடு பிறந்த லேடி கேத்தரின், பெயரளவில் அந்தப் பதவி இல்லாவிட்டாலும், தம் வட்டாரத்தில் மிகச் சுறுசுறுப்பான நீதிபதி என்றே ஆஸ்டின் எழுதியிருக்கிறார். ஊருக்கு மெரிட்டன் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பு விக்கமைத் தேவதூதனாகக் கொண்டாடிய அதே ஊர், லிடியா ஓடிப்போன பிறகு அவனைப் போல அயோக்கியன் இல்லை என்கிறது. அந்த வாய்கள் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்ல எத்தனை நாளாகும்?

இன்னொன்று. ஐவருக்கும் வித்தையைப் பங்கு போடாதீர்கள். ஒருத்தி போதும், அவள் நடுச் சகோதரி மேரி பென்னட்டாக இருக்கட்டும். அழகு இல்லை என்று ஒதுக்கப்பட்டு, புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருப்பவள். எந்த மறு ஆக்கமும் அவளுக்கு நியாயம் செய்து நான் பார்த்ததில்லை. 1801இல் பிரான்சிஸ் பாரெட் என்பவர் லண்டனில் தடித்த மந்திர நூல் ஒன்றை அச்சிட்டார். கற்க விரும்புவோருக்குத் தாமே பாடம் சொல்லித் தருவதாகவும் அதில் அறிவித்திருந்தார். தந்தையின் நூலகத்தில் அந்தப் புத்தகம் மேரியின் கையில் கிடைக்கட்டும். அண்டை மாளிகையான நெதர்ஃபீல்டில் நடந்த விருந்தில் அவள் பியானோ வாசித்துப் பாடியபோது எலிசபெத் கூனிக் குறுகி, அவளை நிறுத்தச் சொல்லித் தந்தைக்குக் கண்ணால் சாடை காட்டினாள். அதே எலிசபெத் இப்போது லேடி கேத்தரினுக்கு எதிரே தங்கையின் பக்கம் நிற்பாளா? நின்றால் டார்சியின் குடும்பத்தோடு உறவு முறியும். டார்சியும் அந்த அறையில் இருக்கட்டும், மருந்து எதுவும் குடிக்காதவனாக.

இந்தக் காட்சியை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், பக்கம் ஒதுக்குவது என் பொறுப்பு. பேராசிரியரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.