சாயக் கையோடு ஒளு கூடுமா? வாசகர் கேள்விகளுக்கு ஹஜ்ரத் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பனியன் கம்பெனிகளிலிருந்தும் தோட்டங்காட்டிலிருந்தும் வந்தவை. கொங்குப் பகுதி ராவுத்தர் ஜமாஅத்துகள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபை (சட்டப் பிரிவை)ப் பின்பற்றுபவை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்து தங்கியவர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் உண்டு. ஆகவே சட்டம் மாறும் இடங்களில் இரண்டையும் சொல்கிறேன்.

சாயப்பட்டறையில வேலைங்க ஹஜ்ரத். கையும் நகமும் எப்பவும் நீலமாவே இருக்குது. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. ஒளு கூடுமா? (திருப்பூர்)

தாராளமாகக் கூடும். தொழுகைக்கு முன் சுத்தம் செய்துகொள்ளும் ஒளுவில், கழுவ வேண்டிய உறுப்பில் தண்ணீர் பட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். தோலில் ஊறிவிட்ட நிறம் தண்ணீரைத் தடுக்காது. மருதாணி வைத்த கையோடு ஒளுச் செய்கிறோமே, அதே கணக்கு. ஹனஃபி சட்ட நூல்களில் சாயக்காரரின் நகத்தில் ஒட்டியிருப்பது ஒளுவைத் தடுக்காது என்று அந்தத் தொழிலைச் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் இமாம்கள் உழைக்கிறவன் கையைப் பார்த்துத்தான் சட்டம் எழுதினார்கள்.

பிரிண்டிங் டேபிளில் நிற்பவர்கள் மட்டும் கவனியுங்கள். ரப்பர் பிரிண்ட் பேஸ்ட் கையில் காய்ந்தால் ஏடு போல நிற்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதிலாக உரிந்து வந்தால் அது படலம். அதை எடுத்துவிட்டுத்தான் ஒளுச் செய்ய வேண்டும். நகப்பூச்சுக்கும் இதுதான் சட்டம். உரிய எதுவும் இல்லை, நிறம் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். சிலர் பாங்கு சொன்னதும் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கை புண்ணாகும்வரை தேய்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மார்க்கம் அதைக் கேட்கவே இல்லை.

ஓவர்லாக் அடிக்கும்போது ஊசி விரல்ல ஏறிருச்சு. ஒளு முறிஞ்சிருச்சா? (அவிநாசி)

ஹனஃபி என்றால், ரத்தம் குத்திய இடத்தைத் தாண்டி வழிந்தால் முறியும். புள்ளியாக நின்றுவிட்டால் முறியாது. ஷாஃபிஈ என்றால் எவ்வளவு வழிந்தாலும் முறியாது. கட்டுப் போட்டிருந்து, தண்ணீர் பட்டால் புண்ணுக்குக் கெடுதல் என்றால் கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். ஷாஃபிஈக்கள் கூடவே தயம்மும் (சுத்தமான மண்ணால் முகத்தையும் கைகளையும் தடவுவது) செய்துகொள்ள வேண்டும்.

நொய்யல் ஓரத்துல தோட்டமுங்க. கெணத்துத் தண்ணி ஒரு சில மாசம் கலராவே வருது. அதுல ஒளுச் செய்யலாமா? (ஒரத்துப்பாளையம் பக்கம்)

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றிலும் கிணறுகள் கெட்ட கதை ஊரறிந்தது. கழிவை அறவே வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டத்துக்கு வருவோம். சாயம் நஜீஸ் (மார்க்கப்படி அசுத்தம்) அல்ல. ஆனால் ஒளுவுக்கு வெறும் தண்ணீர் என்று சொல்லக்கூடிய தண்ணீர் வேண்டும். குங்குமப்பூ கலந்த நீரைப் பற்றி ஹனஃபி நூல்களில் ஒரு அளவுகோல் உண்டு: அதில் துணியை நனைத்தால் சாயம் ஏறும் அளவுக்கு ஆகிவிட்டால் அதில் ஒளுச் செய்ய முடியாது. ஒரு வெள்ளைத் துணியை முக்கிப் பாருங்கள். நிறம் பிடித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஷாஃபிஈ சட்டம் இன்னும் இறுக்கம். நிறம் வெகுவாக மாறினாலே கூடாது. சாக்கடையும் சேர்ந்து வந்து அதனால் நாற்றமோ நிறமோ மாறியிருந்தால் அது நஜீஸ், யாருக்கும் ஆகாது. உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் கவலை இல்லை, அது சுத்தமான தண்ணீரே.

லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இருந்தால் அதில் ஒளுச் செய்யுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ (அந்தக் கால முகத்தல் அளவை) தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஹதீஸ் நூல்களில் வருகிறது. முத்தின் கணக்கில் மத்ஹபுகளுக்குள் கூடக்குறைய வித்தியாசம் உண்டு. சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். ஒரு சொம்பு போதும். இருப்பது குடிக்கத்தான் காணும் என்றால், உங்களுக்கு மட்டுமல்ல, ஆடு மாட்டின் தாகத்துக்கு வேண்டியதானாலும் அதை வைத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம். வாயில்லா ஜீவனைத் தவிக்கவிட்டு ஒளுச் செய்யச் சொல்லவில்லை.

விடுதியில தங்கி மில்லுக்குப் போறேன். மாதவிடாய் பட்ட துணிய எத்தனை தடவ கசக்கினாலும் லேசா கறை நிக்குது. அதோட தொழலாமா? (பல்லடம்)

தொழலாம் அம்மா. ஒரே ஒரு ஆடை வைத்திருந்த ஒரு பெண்மணி இதையேதான் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். தண்ணீரால் கழுவினால் போதும், அதன் அடையாளத்தால் குற்றமில்லை என்று பதில் கிடைத்தது, அபூதாவூத் ஹதீஸ் நூலில் இருக்கிறது. நன்றாகத் தேய்த்துக் கசக்கி அலசிய பிறகு நிற்கும் நிறம் மன்னிக்கப்பட்டது. அந்த நாட்களில் விட்ட தொழுகைக்குக் களா (பிறகு ஈடாகத் தொழுவது) இல்லை. விட்ட ரமளான் நோன்பை மட்டும் பிறகு நோற்றுவிடுங்கள். கறையைக் காரணம் சொல்லி, சுத்தமான பிறகும் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

வால்பாறைக் குளிர்ல சாக்ஸ் மேலயே மஸஹ் செய்யலாமா?

மஸஹ் என்றால் ஒளுவில் காலைக் கழுவாமல் உறையின் மேல் ஈரக்கையால் தடவுவது. பனியன் துணி போல மெல்லிய சாக்ஸ் என்றால் கூடாது. கரண்டைக்கால் மூடிய தோலுறையை ஒளுவோடு அணிந்திருந்தால் கூடும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இந்தச் சலுகை உண்டு.

பக்கத்துத் தோட்டத்து வீட்ல வேலைக்குப் போறேன். அங்க சாணி போட்டு மெழுகின தரைதான். அஸர் எப்படித் தொழறது? (காங்கேயம்)

சாணம் நஜீஸ். ஆனால் தரை காய்ந்திருந்தால் மேலே சுத்தமான பாயோ துண்டோ விரித்துத் தொழலாம். ஈரம் மேலே ஊறி வரக்கூடாது. அந்த வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி இடம் கேளுங்கள். நம் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் பாயை அவர்களே எடுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் இடக்கைக்காரன். கட்டிங் மாஸ்டர். பாவமா?

வெட்டுவதிலும் எழுதுவதிலும் குற்றமே இல்லை. சாப்பாட்டுக்கும் குடிப்பதற்கும் மட்டும் வலக்கையைப் பழக்குங்கள். பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதிலிருந்து சாப்பிடு என்று நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் வளர்ந்த சிறுவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வலக்கையில் அடிபட்டிருந்தால் இடக்கையாலேயே சாப்பிடலாம்.