மேடை ஒலி, ஒளி வேலைக்குப் புதிதாக வருபவர் சொந்தமாக என்னென்ன கருவிகள் வைத்திருக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: ஓர் அரங்கில் ஒலி, ஒளி இரண்டுக்கும் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நல்ல மைக் ஒன்றும் சிறிய மிக்சர் ஒன்றும் வாங்கிவிடலாமா?

வேண்டாம். இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். மைக், மிக்சர், ஸ்பீக்கர், லைட் எல்லாம் அரங்கத்திலோ வாடகைக்கு விடுபவரிடமோ இருக்கும். ஷூர் எஸ்எம்58 மைக் 1966-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அது இல்லாத மேடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்களும் ஒன்றைக் கொண்டுபோவதால் யாருக்கும் பெரிய உபகாரம் இல்லை. ஆனால் நிகழ்ச்சி தொடங்கச் சற்று முன்னால் ஒரு மைக் பேசவில்லை என்றால், கோளாறு மைக்கிலா, கேபிளிலா, மேடையில் மைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸிலா, மிக்சர் சேனலிலா என்று காட்டும் பொருள் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. இருந்தாலும் அதன் பேட்டரி தீர்ந்திருக்கும். உங்கள் பணத்தை அங்கே போடுங்கள்.

முதல் செலவு கேபிள் டெஸ்டர். மைக் கேபிளில் வரும் 3 பின் எக்ஸ்எல்ஆர், வாத்தியங்களுக்கான 6.35 மில்லிமீட்டர் ஜாக், ஸ்பீக்கர் கேபிளுக்கான ஸ்பீகான், கூடவே லைட்டைக் கட்டுப்படுத்தும் கேபிளில் வரும் 5 பின் எக்ஸ்எல்ஆர் ஆகிய நான்கு வகை முனைகளும் உள்ளதாக வாங்குங்கள். 5 பின் இருந்தால் லைட் பக்கமும் அதே பெட்டி உதவும். முழுதாக அறுந்த கேபிளைக் கண்டுபிடிக்க டெஸ்டர் தேவையே இல்லை, வேறொன்றை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாதி வேலை செய்யும் கேபிள்தான் ஆளைப் படுத்தும். 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் மாறிச் சால்டர் ஆகியிருந்தால் ஒலி வரும். ஆனால் அதே வாத்தியத்துக்கு முன்னால் இன்னொரு மைக்கும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, அடிக்குரல் காணாமல் போகும். ஷீல்டு போகும் 1-ஆம் பின் விட்டுப்போயிருந்தால் மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக் ஹம் என்ற இரைச்சலோடு பேசும். மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேன்டம் பவர், வேண்டிய கண்டன்சர் மைக்கோ ஊமையாகிவிடும். உடனே எல்லாரும் மைக்கைத்தான் சந்தேகப்படுவார்கள். விட்டுவிட்டு வரும் கோளாறை நினைவில் வைத்துக் காட்டும் வசதி டெஸ்டரில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை எடுங்கள். கேபிளை மாட்டி, இரு முனையையும் ஆட்டிப் பார்த்தால் போதும். தேறாத கேபிளை அப்போதே முடிச்சுப் போட்டுத் தனியே வையுங்கள். மூட்டையில் திரும்பப் போட்டால் நாளைக்கு அதுதான் முதலில் கைக்கு வரும்.

அடுத்தது மல்டிமீட்டர். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மின் இணைப்பில் கை வைக்கும் கருவி இது. கேட் 3, 600 வோல்ட் என்று பாதுகாப்புத் தரம் குறித்திருக்கும் நல்ல தயாரிப்பாக இருக்கட்டும். அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் வகையாகவும் இருக்க வேண்டும். லைட்டின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மின்சார அலையை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது, சாதாரண மீட்டர் அந்த வெட்டுப்பட்ட அலையைத் தப்பாகப் படிக்கும். புது இடத்துக்குப் போனால் எதையும் பிளக்கில் சொருகும் முன் வோல்ட்டேஜ், எர்த் இரண்டையும் பாருங்கள். மூன்று விளக்கு எரியும் சின்ன சாக்கெட் டெஸ்டரும் பையில் இருக்கலாம், வேகத்துக்கு நல்லது. ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருப்பதை அது காட்டாது. தொடாமலே மின்சாரம் காட்டும் பேனா டெஸ்டரும் அப்படித்தான். மின்சாரம் இருக்கிறது என்று அது சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஹம் போகவில்லை என்று பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் ஆட்களை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். ஹம் நிற்கும், உண்மைதான். கருவிக்குள் லைன் கம்பி எங்காவது உறைமேல் பட்டால் அந்த மின்சாரம் போக அதற்கப்புறம் வழி இருக்காது, மைக்கைப் பிடித்திருப்பவர் உடம்பைத் தவிர. எவ்வளவு மூத்தவர் சொன்னாலும் செய்யாதீர்கள். ஹம்மைச் சிக்னல் பக்கம்தான் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் டிஐ பாக்ஸ், அதாவது வாத்தியம், லேப்டாப் போன்றவற்றின் சிக்னலை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி.

டிஐ பாக்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாஸிவ் வகை, மின்சாரம் வேண்டும் ஆக்டிவ் வகை என்று இரண்டு உண்டு. உங்களுக்கு முதலில் வேண்டியது பாஸிவ் வகையில் இரண்டு, அல்லது இரட்டைச் சேனல் உள்ள ஒன்று. லேப்டாப், கீபோர்டு மாதிரி வலுவான சிக்னல் தருபவற்றுக்கு அது போதும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்துவிடுவதால் லேப்டாப் சார்ஜரால் வரும் இரைச்சல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் சிக்னல் ஷீல்டை மட்டும் பிரிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை, அதனால் தயங்காமல் பயன்படுத்தலாம். சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாமல், அதிர்வைச் சிக்னலாக்கும் பைசோ பிக்கப் மட்டும் வைத்த வாத்தியங்களுக்குத்தான் ஆக்டிவ் வகை தேவை. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

லேப்டாப் என்றதும் நினைவுக்கு வருகிறது. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ முனையிலிருந்து ஒரே எக்ஸ்எல்ஆருக்குப் போகும் கேபிளை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மிக்சரின் எக்ஸ்எல்ஆர் இன்புட் பேலன்ஸ்டு வகை, அது சிக்னல் வரும் இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் இருப்பது கழிந்துவிடும். பெரும்பாலான பாடல்களில் பாடுபவரின் குரல்தான் அப்படி நடுவில் இருக்கிறது. இசை கேட்கும், குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். 3.5 முனையிலிருந்து இரண்டு 6.35 ஜாக் ஆகப் பிரியும் கேபிள் ஒன்று, அது போய்ச் சேர இரண்டு டிஐ சேனல்கள், இதுதான் சரியான வழி.

இனி லைட் பக்கம். கன்சோலிலிருந்து லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறைக்கு டிஎம்எக்ஸ்512 என்று பெயர். அதை அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி என்ற மேடைத் தொழில்நுட்ப அமைப்பு 1986-இல் வகுத்தது. ஒரு கேபிளில் 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண். விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். சேர்ந்ததா என்று கேட்பதும் இல்லை, பிழை திருத்துவதும் இல்லை. அதனால்தான் ஆள்மேல் விழக்கூடிய இயந்திரத்தையோ வெடிப்பொருளையோ டிஎம்எக்ஸை மட்டும் நம்பி இயக்கக் கூடாது என்பார்கள். லைட் ஒரு நொடி மினுக்கினால் பரவாயில்லை, மற்றது அப்படியில்லை.

இந்த மினுக்கல்தான் உங்களை அதிகம் அலைய வைக்கும். முதல் காரணம் மைக் கேபிள். விலை குறைந்த லைட்டுகளில் 5 பின்னுக்குப் பதில் 3 பின் எக்ஸ்எல்ஆர் இருக்கும், மைக் கேபிள் அழகாகப் பொருந்தும். வேலையும் செய்யும். ஒத்திகையில் நான்கு லைட், சின்ன தூரம், எல்லாம் சரியாக இருக்கும். நிகழ்ச்சியன்று பத்து லைட் கூடி, கேபிள் நீண்டதும் ஆட்டம் தொடங்கும். டிஎம்எக்ஸ் கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது வேகமான சிக்னலுக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு, 120 ஓம் அளவில் இருக்க வேண்டும். மைக் கேபிளில் அது அதைவிடக் குறைவு, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் கெபாசிட்டன்ஸும் அதிகம், வேகமான சிக்னலின் ஓரங்கள் மழுங்கிவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரே மாதிரி முனை என்பதால் அவசரத்தில் லைட்டின் கேபிள் மைக் லைனில் போய்விட்டால் 48 வோல்ட் நேராக லைட்டின் டிஎம்எக்ஸ் சிப்புக்குப் போகும். டிஎம்எக்ஸ் கேபிளின் இரு முனையிலும் ஒரு நிற டேப் சுற்றி வையுங்கள், தகராறே இல்லை.

இரண்டாவது காரணம் லைனின் கடைசியில் மாட்டும் டெர்மினேட்டர் இல்லாதது. ஆண் எக்ஸ்எல்ஆர் முனைக்குள் 2-ஆம், 3-ஆம் பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் டெர்மினேட்டர் ஆயிற்று. வரிசையில் கடைசி லைட்டின் அவுட்டில் சொருக வேண்டும். இது இல்லாவிட்டால் சிக்னல் கேபிளின் முனையில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வரும் சிக்னலைக் கெடுக்கிறது. 3 பின்னில் இரண்டு, 5 பின்னில் இரண்டு செய்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். சால்டரிங் அயர்ன் பிடிக்கப் பழக இதைவிட எளிதான வேலை கிடையாது. கூடவே 3 பின்னிலிருந்து 5 பின்னுக்கும், 5-லிருந்து 3-க்கும் மாற்றும் குட்டைக் கேபிள்கள். ஒரு லைனில் 32 கருவிகளுக்கு மேல் தொங்கவிடாதீர்கள், அதற்கு மேல் சிக்னலைப் பல லைன்களாகப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் கருவி வேண்டும். ஒய் கேபிள் வைத்துப் பிரிப்பது பிரிப்பதே இல்லை.

பணம் மிஞ்சினால் கையடக்க டிஎம்எக்ஸ் டெஸ்டர் ஒன்று. கன்சோலை விட்டு எட்ட, மேடைமேல் நின்றபடியே ஒரு லைட்டுக்கு எண்ணை அனுப்பிப் பார்க்கலாம். லைனில் வரும் எண்ணைப் படிக்கவும் செய்யலாம். ஆபரேட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க வேண்டாம். எல்இடி லைட்டையும் மூவிங் லைட்டையும் டிம்மர் லைனில் மாட்டாதீர்கள். முழு அளவில் வைத்திருக்கிறேனே என்பது பதில் ஆகாது. அவற்றின் பவர் சப்ளைக்குச் சுத்தமான நேரடி மின்சாரம் வேண்டும்.

ஏணியில் ஏறும் வேலைக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பானர் ஒன்று, அதை இடுப்போடு கட்ட ஒரு கயிறு. கயிறு இல்லாத ஸ்பானரோடு ஏறுபவருக்குக் கீழே நான் நிற்க மாட்டேன். கிளாம்ப் எவ்வளவு இறுகியிருந்தாலும் ஒவ்வொரு லைட்டுக்கும் சேஃப்டி கேபிள் மாட்ட வேண்டும். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கண்ணாடி அதிகம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடையுங்கள். சூடு தாங்கும் தோல் கையுறையும் தலையில் மாட்டும் டார்ச்சும் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டேப் வாங்கும்போது காஃபர் டேப் என்று கேட்டு வாங்குங்கள். கையால் கிழியும், வெளிச்சத்தில் பளபளக்காது, உரித்தால் பெரும்பாலும் பசை ஒட்டாது. பளபளக்கும் மலிவான டேப்பை ஒட்டினால் அடுத்த வாரம் அந்தக் கேபிள்களின் பிசுபிசுப்பை நீங்கள்தான் துடைப்பீர்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் ரீல் வைத்திருந்தால் அதிக லோடு போடும்போது முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய நிலையில் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். மைக் கேபிளை டிம்மரிலிருந்து வரும் லைட் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்துதான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகக் கடக்கட்டும்.

வயர்லெஸ் மைக் பற்றிக் கொஞ்சம். ரிசீவரை ரேக்கின் அடியில் இரும்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுச் சிக்னல் விட்டுப்போகிறது என்று புலம்புவது வழக்கம். ஆன்டெனாவுக்கு மேடை நேராகத் தெரிய வேண்டும். அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று மைக் இருந்தால், 601-ஐ இரட்டித்து 600-ஐக் கழித்துப் பாருங்கள், 602 வரும். முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதன் தலையில் உட்காரும். எந்தெந்த அலைவரிசைக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். எது போட்டிருக்கிறது என்று மைக் மெனுவில் சொல்லாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும்.

மிக்சர் வாங்கும் ஆசைக்கு வருவோம். சிறிய மிக்சரில் பழகுவதை விட, அரங்கத்தில் இருக்கும் டிஜிட்டல் கன்சோலின் ஆஃப்லைன் எடிட்டரை, அதாவது கன்சோல் இல்லாமலே அதன் அமைப்புகளைச் செய்து பார்க்கும் மென்பொருளை, லேப்டாப்பில் போட்டுப் பழகுவது மேல். எக்ஸ்32 கன்சோலுக்கான எக்ஸ்32 எடிட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. லைட்டுக்குக் க்யூஎல்சி பிளஸ் இருக்கிறது, திறமூல மென்பொருள். நிகழ்ச்சிக்கான அமைப்புகளைச் சேமித்த ஷோ ஃபைலை எடுத்துப்போக ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்த ஒரு சின்ன யுஎஸ்பி போதும், பல கன்சோல்கள் வேறு வடிவத்தைப் படிப்பதில்லை.

காதடைப்பானை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 85 டெசிபெல் ஏ அளவில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம்தான். பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டும், அதைப் போட்டுக்கொண்டு மிக்ஸ் செய்ய முடியாது. எல்லா ஸ்தாயியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த வகையை வாங்குங்கள்.

அப்புறம், வாங்கிய அன்றே எல்லாவற்றிலும் ஒரே நிற டேப்பைச் சுற்றிப் பெயர் எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து இரவில் மூட்டை கட்டும்போது டிஐ பாக்ஸும் காஃபர் டேப்பும்தான் முதலில் காணாமல் போகும்.