மினிட்ஸ் புத்தகம் ஆட்டோவில் வந்தது

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. என்னிடம் படித்த பையன் ஒருவன் எங்கள் ஊரில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறான். நல்ல பையன். "டீச்சர், உங்க பேர் இருந்தா எங்களுக்குப் பெருமை, வேலை ஒண்ணும் இருக்காது" என்று எட்டு மாதம் முன்பு என்னை நிர்வாகக் குழுவில் சேர்த்தான். இதுவரை ஒரு கூட்டத்துக்கும் அழைப்பு வரவில்லை. போன வாரம் ஆட்டோக்காரரிடம் மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். மூன்று கூட்டம் நடந்ததாக எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. ஒரு தீர்மானம், அவன் மைத்துனர் கட்டடத்தைப் பள்ளிக்கு மாதம் 28,000 ரூபாய்க்கு வாடகைக்கு எடுப்பது. புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? மறுத்தால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பானோ? பேசாமல் விலகிவிடலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவர்கள் வேறு பள்ளிக்குப் பணம் அனுப்பவா என்று கேட்கிறார்கள்.
— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: போடாதீர்கள், டீச்சர்.

உங்கள் காலத்தில் வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் குறி போட்டிருப்பீர்களா? சத்துணவுக் கணக்கில் எத்தனை முட்டை அவிந்தது என்று பார்க்காமல் கையெழுத்து வைத்திருப்பீர்களா? இதுவும் ஒரு வருகைப் பதிவேடுதான். இந்த முறை வராத பிள்ளை நீங்கள்.

நான் யோக்கியன் மாதிரி பேசுகிறேன், ஆனால் நானும் போட்டவன்தான். பல வருடம் முன்பு ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். செயலாளர் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவருவார். காப்பி ஆறுவதற்குள் நாலு கூட்டத்துக்குக் கையெழுத்து முடிந்துவிடும். அப்புறம் ஒரு நன்கொடையாளர் ஏதோ ஒரு செலவைப் பற்றிப் புகார் எழுதினார். ஆடிட்டர் என் முன்னால் புத்தகத்தை விரித்தார். நாலு கூட்டம், ஏழு பேர், எல்லாம் ஒரே நீலப் பேனா. அதில் ஒரு தேதி தீபாவளி நாள். "தீபாவளி அன்னைக்கா சார் கூட்டம் போட்டீங்க?" என்றார். அன்று நான் கும்பகோணத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன். செலவு என்னவோ நியாயமான செலவுதான். ஆனால் அதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம். தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்த பிறகு அதை யார் நம்புவார்?

அதனால் உங்கள் மாணவனைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் இது சோம்பேறித்தனம். கூப்பிட்டால் ஆள் சேராது, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், இருக்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூடியாக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் சங்கத்துக்குச் செப்டம்பர் கடைசி என்றாலே காய்ச்சல்தான். ஆடிட்டர் விரட்டுவார், பென்சிலை எடுத்துப் பெருக்கல் குறி போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அது முதலில் சங்கம்தானா, அறக்கட்டளையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கே பல நேரம் தெரியாது. சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளர் கொடுத்த சான்றிதழும், சங்கத்தின் விதிகளைச் சொல்லும் பைலாவும் இருக்கும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் உங்களைக் குழுவில் சேர்த்த விவரத்தைப் படிவம் 7-இல் பதிவாளருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன்படி இப்படிப்பட்ட நிறுவனத்துக்குத் தனியாக ஒரு பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது வாடகை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். மைத்துனர் கட்டடத்தில் பள்ளி நடத்தவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சின்ன ஊரில் சரிவுப் பாதை போட இடமும், கழிப்பறையில் கைப்பிடி பொருத்தச் சம்மதிக்கும் வீட்டுக்காரரும் கிடைப்பது லேசில்லை. மைத்துனர் சம்மதித்திருந்தால் நல்லதுதான். ஆனால் வரி விலக்கு பெற்ற ஒரு நிறுவனத்தின் பணம் நிர்வாகிகளுக்கோ அவர்கள் உறவினருக்கோ நியாயத்துக்கு மேல் போனால், அந்த விலக்குக்கே ஆபத்து. வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் மைத்துனரும் உண்டு. ஆகவே 28,000 ரூபாய் அதே தெருவில் அதே அளவு கட்டடத்துக்கு நடப்பு வாடகையா என்பதுதான் கேள்வி. நீங்களே ஒரு சாயங்காலம் நடந்துபோய் இரண்டு வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஊருக்கே டீச்சர், யார் சொல்லமாட்டேன் என்பார்கள்? அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை வங்கி வழியாகப் போகிறதா என்பதையும் கேளுங்கள். அப்புறம் நிஜமாகவே ஒரு கூட்டம் கூட்டி, இந்தத் தீர்மானம் வரும்போது உங்கள் மாணவன் வெளியே போய் நிற்க வேண்டும். விசாரித்த வாடகை விவரமும், அவன் அந்த முடிவில் கலந்துகொள்ளவில்லை என்பதும் மினிட்ஸில் ஏற வேண்டும். அப்படி எழுதினால் பிற்பாடு அவனைக் காப்பாற்றப்போவதும் அந்த வரிதான். இதை அவனிடம் சொல்லுங்கள், சந்தேகம் என்ற பேச்சே வராது.

எப்படிச் சொல்வது என்கிறீர்களா? நானாக இருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டு டிபன் கொடுத்துவிட்டுச் சொல்வேன்: "நான் வந்த கூட்டத்துக்குத்தான்பா கையெழுத்துப் போடுவேன். அடுத்த கூட்டம் எப்பன்னு ஒரு வாரம் முன்னாடி சொல்லு, வரவுசெலவுக் கணக்கைக் கையோட அனுப்பு." கோபப்படமாட்டான். ஒருவேளை கோபப்பட்டால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான்.

விலகுவதைப் பற்றி: உடனே வேண்டாம். விலகினால் புது உறுப்பினர் ஒருவர் வருவார், பெருக்கல் குறி அவர் பெயருக்கு எதிரே போகும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைப் போல் கேள்வி கேட்கும் ஆள் ஒருவர் உள்ளே இருப்பது நல்லது. இரண்டு கூட்டம் பாருங்கள். கணக்கைக் காட்ட மறுத்தால் விலகுங்கள். அப்போது வாய்வார்த்தை போதாது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, பதிவாளர் அலுவலகத்துக்கும் மாற்றம் தெரிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். அங்கே பெயர் நீங்காதவரை நோட்டீஸ் வந்தால் உங்கள் வீட்டுக்கும்தான் வரும்.

சிங்கப்பூர்ப் பணம். இதில் நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அனுப்புகிறவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், நம் ஊரில் பிறந்து வளர்ந்தவரே ஆனாலும், உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்றே தொடங்கிய கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். உங்கள் ஊர்க் கிளைக்கு அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். யார் யாருக்கு எந்தப் பாஸ்போர்ட் என்று வாட்ஸ்அப்பில் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆட்டோக்காரர் திரும்ப வந்தால் புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிடுங்கள், அது பள்ளியின் சொத்து. அதற்கு முன் அந்த மூன்று கூட்டத்துப் பக்கங்களையும், பென்சில் குறி தெரியும்படி, உங்கள் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.